காபனீரொட்சைட்டைப் பாறைக்குள் அடைத்தல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை மீண்டும் இயங்கினால் அதன் புகையை எங்கே புதைக்கலாம் என்று செயற்றிட்டம் எழுதும் மாணவர்கள் ஒரே குழிகளில்தான் மாறி மாறி விழுகிறார்கள். அலகுப் பிழைகளை விட்டுவிடுவோம்.

எரிபொருளை மாற்றினால் போதும் என்பது

போதாது. தூய சுண்ணக்கல் 1 தொன்னைச் சுட்டால் ஏறக்குறைய 440 கிலோ காபனீரொட்சைட்டு வாயு கல்லிலிருந்தே வரும். அடுப்பில் எதை எரித்தாலும் அது குறையாது.

துளை முழுவதும் கொள்ளளவு என்பது

வாயுவை இறக்கும் பாறைப் படையின் பரப்பு, தடிப்பு, நுண்டுளைமை (பாறையில் துளைகளின் பங்கு), அங்கே வாயுவின் அடர்த்தி நான்கையும் பெருக்கி, வந்த எண்ணை அப்படியே முடிவுரையில் போடுகிறார்கள். எத்தனை தடவை திருத்தினாலும் திரும்பி வரும் வியாதி இது. 100 சதுர கிலோமீற்றர், 50 மீற்றர் தடிப்பு, 20 வீத நுண்டுளை, கனமீற்றருக்கு 650 கிலோ என்றால் 650 மில்லியன் தொன் வரும். பார்க்க அழகான எண். ஆனால் ஆழத்துத் துளைகளில் உவர்நீர் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. நிறைகுடத்தில் ஊற்றுகிற கதைதான். நீர் விலகினால்தான் வாயு நுழையும், விலக வழியில்லாவிட்டால் அமுக்கம் ஏறும். இத்தகைய படைகளில் உண்மையில் பயன்படுவது பெரும்பாலும் ஒருசில வீதமே. 2 வீதம் என்று வைத்தால் மிஞ்சுவது 13 மில்லியன் தொன்.

நோர்வேயில் இரண்டு பாடமும் உண்டு. ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன் அளவில் இறக்கினார்கள். உட்சீரா மணற்கல் பரந்து கிடந்ததால் அமுக்கம் தொல்லை தரவில்லை. ஸ்னோவிற்று எரிவாயு வயலில் 2008இல் தொடங்கியபோது அமுக்கம் எதிர்பார்த்ததைவிட விரைவாக ஏறியது. 2011இல் வேறு படைக்கு மாற வேண்டியதாயிற்று. ஆகவே தொன் கணக்குக்கு முன்னால் எழுத வேண்டியவை வேறு: படை பிளவுகளால் துண்டுபட்டிருக்கிறதா, மேலே மூடிபோலக் கிடக்கும் மூடுபாறை எந்த அமுக்கத்தில் பிளக்கும், உவர்நீரை வெளியே எடுக்கக் கிணறு உண்டா, எடுத்ததை எங்கே விடுவது.

எங்கள் காலடியிலேயே இறக்கலாம் என்பது

கூடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல்லில்தான் கிணற்று நன்னீர் உவர்நீருக்கு மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் பார்த்தாலே அந்தக் கல் எவ்வளவு ஓட்டை என்று விளங்கும். வாயு நீரில் கரைந்தால் காபோனிக்கமிலம்; அது சுண்ணக்கல்லையே கரைக்கும். தேட வேண்டியது ஏறத்தாழ 800 மீற்றருக்குக் கீழே, நீர்புகாத மூடுபாறையுள்ள உவர்நீர்ப் படையை. வெப்பநிலை 31 பாகை செல்சியசையும் அமுக்கம் 74 பாரையும் தாண்டும் அந்த ஆழத்தில் வாயு அடர்ந்து இடத்தை மிச்சம் பிடிக்கும்.

ஐஸ்லாந்தைப் பிரதிபண்ணுவது

அங்கே பசாற்று என்ற எரிமலைப் பாறை; வாயு அதனோடு தாக்கம் புரிந்து கல்லாகிவிடும். இங்கே சுண்ணக்கல்; அதில் அப்படி நடக்காது.

ஈரத்தோடு குழாயில் விடுவது

குழாயில் தண்ணீர் பிரிந்து தங்கினால் சாதாரண உருக்கை அமிலம் தின்னும். அமுக்கியோடு நீரகற்றும் அலகையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

பழைய துளைக்கிணறுகளை மறப்பது

கசிவை முதலில் அங்கேதான் தேடுவார்கள்.