முதியோர் உதவி மையம்: நம்பர் கொடுத்ததோடு வேலை முடியாது

முதியோருக்குத் தகவல் சொல்லி, உரிய இடத்தில் சேர்த்துவிடும் மையத்தில் புதிதாக உட்காருபவர்களுக்கு 'மரியாதையாகப் பேசு, பொறுமையாகக் கேள்' என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. அது தானாக வந்துவிடும். வராமல் இழுப்பவை வேறு.

நம்பரைக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிப்பது

மாதக் கடைசி அறிக்கையில் அழைப்பு இத்தனை, பரிந்துரை இத்தனை என்று பளிச்சென்று இருக்கும். அதில் எத்தனை பேருக்குக் கேட்டது கிடைத்தது என்றால் பேச்சு மூச்சு இருக்காது. எரிச்சலூட்டுவது இதுதான்.

ஒரு பெரியவர் வாக்கர் கேட்கிறார். நம்பர் தருகிறோம். அங்கே எடுப்பது பதிவுக் குரல்: 'இதற்கு 1, அதற்கு 2.' போனைக் காதிலிருந்து எடுத்து, கண்ணாடி தேடி, பொத்தானை அழுத்துவதற்குள் லைன் கட். இரண்டு தடவை பார்ப்பார். பிறகு அவர்களையும் கூப்பிட மாட்டார், நம்மையும் கூப்பிட மாட்டார். நம் பதிவேட்டில் மட்டும் 'முடிந்தது'.

ஒப்புதல் வாங்கிக்கொண்டு, அவரை லைனில் வைத்தபடியே நாம் அங்கே போன் போட்டு கான்ஃபரன்ஸில் சேர்க்க வேண்டும். ஆள் எடுத்ததும் யார், என்ன தேவை என்று அவர் காதுபடவே சொல்லி, பேச்சு சூடுபிடித்த பிறகு விலகலாம். யாரும் எடுக்காவிட்டால் திரும்ப முயல்வது நம் வேலை, அவர் தலையில் கட்டக் கூடாது. ஐந்து நம்பரை அள்ளிக் கொடுப்பதும் உதவியல்ல; ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், இலக்கம் இடம் மாறியிருந்தால் அப்போதே தெரியும்.

இரண்டு மூன்று நாளில் நாமே கூப்பிட்டுக் கேட்க வேண்டியவை: ஆள் கிடைத்தாரா, என்ன சொன்னார்கள், பொருள் கைக்கு வந்ததா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றால் கணக்கு திறந்தே இருக்கட்டும். காரணத்தையும் குறியுங்கள்: காத்திருப்பு, தகுதியில்லை, ஆவணம் குறை, போய்வர வண்டியில்லை. ஒரே இடத்தைப் பற்றி ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே அனுப்புவதை நிறுத்திவிட்டு முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது

வாக்கர் ஏன் இப்போது? அண்மையில் எங்காவது விழுந்திருக்கலாம். தலையில் அடிபட்டதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் வாக்கர் பிறகு, உடனே மருத்துவமனை. அடிபட்ட அன்று நன்றாக இருந்தவருக்கும் உள்ளே ரத்தம் மெதுவாகக் கசிந்து, சில நாள் கழித்துத் தடுமாற்றம் வரலாம்.

பழைய பட்டியல்

நாம் நம்பர் எடுத்துக் கொடுக்கும் இடங்களின் பட்டியலில், ஒவ்வொரு பதிவிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் பார்த்தவர் பெயரும் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுப் பட்டியலையும் போன் போட்டுப் பாருங்கள். இணையதளத்தைப் பார்த்து 'டிக்' அடிப்பது சரிபார்ப்பு ஆகாது. வேலை நேரம், தகுதி, கட்டணம், வேண்டிய ஆவணங்கள், சக்கர நாற்காலி உள்ளே போகுமா என எல்லாம் கேட்டு எழுதுங்கள்.

மகனிடமோ மகளிடமோ மட்டும் பேசுவது

போனைப் பெரியவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஏதோ சரியில்லை என்று பட்டால் 'ஆமாம், இல்லை' என்று பதில் வரும் கேள்விகளாகக் கேளுங்கள்; பக்கத்தில் ஆள் நிற்கலாம்.

கத்துவது

வயதில் முதலில் மங்குவது கீச்சு ஒலிகள். கத்தினால் குரல் இன்னும் ஏறும். தாழ்ந்த குரலில், நிதானமாக.

கமிஷன் வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பது

கூடவே கூடாது.