ஸ்பார்க் பிளக்: கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் போதாது

பிளக்கை எப்போது மாற்றுவது என்று கேட்டால் கிலோமீட்டர் கணக்குதான் பதிலாக வரும். சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 வரை. இரிடியம், பிளாட்டினம் என்றால் பெரும்பாலும் 80,000 முதல் 1,00,000 வரை. வண்டியோடு வந்த கையேடு சொல்வதே முடிவான எண். ஆனால் குளச்சலிலும் முட்டத்திலும் கடற்காற்றில் நிற்கும் கார்களுக்கு இது பாதிக் கணக்குதான். சொந்தமாக வேலை பழகுகிறவர்கள் சறுக்குவது மீதிப் பாதியில். அந்தச் சறுக்கல்கள்தான் கீழே.

ஓடாத வண்டியின் பிளக்கைத் தொடாமல் விடுவது

ஆள் கல்ஃபில், கார் போர்டிகோவில். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது சாதாரணம். வாரத்துக்கு ஒருநாள் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவார்கள். வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓடினால்கூட, இரிடியம் பிளக் 1,00,000 தொட முப்பது வருடத்துக்கு மேலாகும். அதனால் யாரும் தொடுவதில்லை.

முனை தேயாது என்பது சரி. மரைதான், அதாவது திருகும் பள்ளம்தான், பிடித்துக்கொள்ளும். பிளக்கின் உடம்பு இரும்பு; அது திருகி நிற்கும் ஹெட், அதாவது சிலிண்டரின் மேல்மூடி, அலுமினியம். நடுவில் உப்பு ஈரம் இறங்கினால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடி பூத்து இறுகிவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் பெறும் ஊர் இது. ஈரம் காய இடைவெளியே இல்லை. போதாததற்கு, பிளக் முனை ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன் மேல் படிந்த கரியைத் தானே எரிக்கும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடினால் அந்தச் சூடு வராது, கரிதான் சேரும்.

ஏழெட்டு வருடம் கழித்து ஸ்டார்ட்டிங் ட்ரபிள் வரும். ஸ்பானரில் பைப்பைச் செருகி ஒரே இழுப்பாக இழுப்பார்கள். பிளக் பாதியில் முறியும், இல்லையென்றால் அலுமினிய மரையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். பிறகு ஹெலிகாயில், அதாவது பிய்ந்த மரைக்குப் பதிலாகச் செருகும் கம்பிச் சுருள், போட வேண்டும். உலோகத் தூள் சிலிண்டருக்குள் விழுந்தால் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். நாலு பிளக்கின் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது. அதனால்தான் இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

கடலோர வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில், காலையில் செய்யுங்கள். சூட்டில் அலுமினிய மரை எளிதில் பிய்ந்துவரும். முதலில் பிளக் குழியில் காற்றடித்து மணலை வெளியேற்றுங்கள். கால் சுற்று மட்டும் திருப்புங்கள். இறுக்கமாக இருந்தாலோ கிறீச்சிட்டாலோ துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து அரைமணி நேரம் விடுங்கள். பிறகு கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று மாறிமாறித் திருப்பி எடுங்கள்.

மாட்டும்போது தொடக்கச் சுற்றுகளைக் கையால்தான் போட வேண்டும். ஒரு துண்டு ரப்பர் குழாயைப் பிளக்கின் தலையில் செருகித் திருகினால், மரை குறுக்கே ஏறும்போது குழாய் வழுக்கிவிடும், ஹெட் தப்பும். வாஷர் உள்ள புது பிளக் என்றால், வாஷர் தொட்ட பிறகு அரை முதல் முக்கால் சுற்றுக்குள். இறுக்கும் விசையை (டார்க்) அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 14 மி.மீ. மரைக்கு 25 நியூட்டன் மீட்டர் அளவில், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20. மரையில் கிரீஸ் தடவாதீர்கள்; வழுக்கலில் அதே டார்க்குக்கு அளவு மீறி இறுகிவிடும்.

மிஸ்ஸிங் வரட்டும் என்று காத்திருப்பது

மிஸ்ஸிங் என்றால் சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் இன்ஜின் விட்டுவிட்டு ஓடுவது. முனை தேயத் தேய பொறி தாவும் இடைவெளி அகலும். அதைத் தாண்ட, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் கூடுதல் வோல்டேஜ் தர வேண்டும். கடைசியில் காயிலே போகும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடேற்றிக் கெடுக்கும்.

நம்பரைப் பார்க்காமல் வாங்குவது

என்ஜிகே கம்பெனி பிளக்கில் வெப்ப எண் கூடினால் குளிர்ந்த பிளக், அதாவது முனையின் சூட்டை வேகமாக வெளியேற்றும் பிளக். பாஷ் கம்பெனி பிளக்கில் நேர் எதிர். எண்ணை மட்டும் ஒப்பிட்டு மாற்றிப் போடாதீர்கள்.

எட்டில் நாலை மட்டும் மாற்றுவது

பழைய ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐயில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் எட்டு. பின்வரிசைக்குக் கை போவது கஷ்டம். அதற்காக விட்டுவிடக் கூடாது.

இரிடியத்தை கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது

கூடாது. முனை மெல்லியது, உடையும்.

பழைய பிளக்கை உடனே வீசுவது

கழற்றிய வரிசையிலேயே வைத்துப் பாருங்கள். முனை இளம்பழுப்பு என்றால் நல்லது. ஒன்றில் மட்டும் ஈரக் கரி என்றால் அந்த சிலிண்டரில் எண்ணெய் இறங்கலாம். பிளக் குழியிலேயே எண்ணெய் நின்றால் வால்வ் கவர் சீலையும் சேர்த்து மாற்றுங்கள்.