ஆடியில் ஒரு கணக்கு, தையில் ஒரு கணக்கு: ஊட்டச்சத்துத் திட்டங்களை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்வராயன் மலைக் கிராமங்களில் கணக்கெடுக்க வரும் புதிய குழுக்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் சறுக்குகின்றன. கேள்வித்தாளில் எழுத்துப்பிழை, செயலி வேலை செய்யாதது எல்லாம் அன்றைக்கே சரியாகிவிடும். முடிவையே பொய்யாக்குகிற தவறுகள் வேறு.

மாதம் மாறினால் கணக்கும் மாறும்

முதல் கணக்கெடுப்பு ஆடியில். நிதி முடிகிற நேரத்தில், தையில், கடைசிக் கணக்கெடுப்பு. சாப்பாட்டில் வகை கூடிவிட்டது, திட்டம் வெற்றி என்று அறிக்கை. இன்றும் இப்படி நடப்பதைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. ஆடியில் சாமை இன்னும் பயிராக நிற்கும். பழைய தானியம் தீரும் நிலையில் இருக்கும். தோட்ட வேலையும் குறைவு. தையிலோ சாமை வீடு வந்திருக்கும், காப்பிப் பழம் பறித்த கூலி கையில் இருக்கும், சந்தையில் கருவாடும் பருப்பும் வாங்க முடியும். திட்டமே எட்டிப் பார்க்காத பக்கத்து ஊரிலும் இதே உயர்வு தெரியும்.

மழையையும் சேர்த்துப் பாருங்கள். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. அப்படியொரு வறட்சியை அடுத்து முதல் கணக்கை எடுத்தால், பிறகு வருகிற எந்த வருஷமும் முன்னேற்றமாகவே தெரியும். நல்ல மழை பெய்த வருஷத்தில் மட்டும் அளந்தால், மழை பொய்த்தால் அந்த வீடு என்ன செய்யும் என்பது தெரியவே தெரியாது.

ஒவ்வொரு சுற்றிலும் தானியம் தீரும் பஞ்ச மாதத்தில் ஒரு முறை, அறுவடைக்குப் பின் ஒரு முறை எடுங்கள். அடுத்த சுற்றிலும் அதே மாதங்கள். திட்டம் இல்லாத ஊர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதே உயரத்தில் உள்ள ஊர்களாக. ஏற்காட்டோடு அடிவாரத்தை ஒப்பிட முடியாது. அந்தந்த வருஷத்து மழையளவைக் கணக்கோடு சேர்த்தே பதியுங்கள். மழை தவறியபோது விதைத் தானியத்தைச் சமைத்தார்களா, ஆட்டை விற்றார்களா, கடன் வாங்கினார்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

சாமைக்கு மதிப்பெண் ஏறாது

15 முதல் 49 வயதுப் பெண்கள், முந்தைய 24 மணி நேரத்தில் பத்து உணவு வகைகளில் குறைந்தது ஐந்தைச் சாப்பிட்டார்களா என்பது பரவலாகப் பயன்படும் அளவுகோல். அதில் அரிசி, சாமை, கேழ்வரகு, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் ஒரே வகை. ரேஷன் அரிசிக்குப் பதில் சாமை உலையேறினாலும் எண் அசையாது. சிறுதானியத் திட்டம் தோற்றது என்று எழுதிவிடாதீர்கள். எத்தனை வேளை, எந்தத் தானியம் என்று தனியாகக் கேளுங்கள். ரசத்தில் மிதக்கிற கொத்தமல்லியைக் கீரையாக எண்ணுவதும் தவறு. 15 கிராமாவது சாப்பிட்டிருந்தால்தான் கணக்கு.

சந்தைக்கு மறுநாள் கேட்பது

வேண்டாம். எல்லா வீட்டிலும் காய் இருக்கும்.

குடும்பத் தலைவரிடம் மட்டும் கேட்பது

உலை வைத்தவரிடம் கேளுங்கள்.

கொடுத்ததை எண்ணுவது

திட்டத்தில் எத்தனை கோழி கொடுத்தார்கள் என்ற எண்ணிக்கை பலன் ஆகாது. முட்டை விற்பனைக்குப் போனதா, பிள்ளையின் தட்டுக்கு வந்ததா என்று பாருங்கள். வீட்டுத் தோட்டத்தை ஐப்பசியில் படம் எடுத்தால் எல்லாமே பச்சையாக இருக்கும். சித்திரையில் போங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் எந்தப் பாத்திக்குப் போகிறது, கீரை பட்டுப்போனபின் முருங்கையாவது நிற்கிறதா என்று அப்போது எழுதிக்கொள்ளுங்கள்.