மண் கிருமிக் காய்ச்சல்: மாத்திரையை நடுவில் விடாமல் முடிப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். பத்து வருஷமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. போன மழைக்காலத்தில் காலில் சின்னக் காயம், மறுவாரம் காய்ச்சல். ஒரு கிளினிக்கில் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நாலாம் நாள் மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் இருந்த கிருமியை வளர்த்துப் பார்த்த பிறகுதான் மெலியாய்டோசிஸ் என்று தெரிந்தது. சேற்று மண்ணிலிருந்து காயம் வழியாக உள்ளே போகிற கிருமியின் காய்ச்சல் இது.

அதனால் காய்ச்சலோடு போனால், டாக்டர் கேட்கும் முன்பே "இனிப்பு நீர் இருக்கு, சேத்துல வேலை" என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லவில்லை.

இரண்டு வாரம் ஊசி. அப்புறம் மூன்று மாதம் மாத்திரை. "காய்ச்சல்தான் போச்சே!" என்று அவர் முறைத்தார். டாக்டரம்மா சொன்னதை நான் எங்கள் லயத்துக் கணக்கில், ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளை வைத்து, அவருக்குச் சொன்னேன்: இந்தக் கிருமிக்கு மேலே ஒரு உறை, நம் ரத்தத்தின் காவல் அதை லேசில் பிடிக்காது. ஊசி மாதிரி ஒரு கருவியும் உண்டு. அதை வைத்து உடம்பின் செல்லுக்குள் வேலை பார்க்கும், பக்கத்துச் செல்லோடு ஒட்டிப்போக வைக்கும். வாசலில் போலீஸ் நிற்க, திருடன் நடுச்சுவரை இடித்து அடுத்த வீட்டுக்குப் போகிற மாதிரி. பதுங்கியது மிச்சமிருந்தால் மாதம் கழித்தும் கிளம்பும். சீனி ஏறிய உடம்பில் அதற்குக் கொண்டாட்டம்.

1912இல் ரங்கூனிலிருந்து இந்த நோயைப் பற்றி முதலில் எழுதிய இருவரில் ஒருவர் பெயர் கிருஷ்ணசாமியாம். நம்ம ஆள் பெயரைக் கேட்டதும் இவர் கொஞ்சம் இறங்கி வந்தார்!

அவருக்குக் கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை, காலை நாலு, ராத்திரி நாலு. எடைக்குத் தக்கபடி மாறும், அடுத்த வீட்டுக் கணக்கைப் பார்க்காதீர்கள். சாப்பிட்டதும் பெரிய டம்ளர் தண்ணீரோடு. குதிரைப் படக் காலண்டரில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு போட்டேன். கோடு இல்லாத கட்டம் கண்ணில் குத்தும். தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே கிளினிக்குக்கு ஓடுங்கள், நீங்களாக நிறுத்திவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். ரத்தச் சோதனைத் தேதியையும் அதே காலண்டரில் வட்டம் போடுங்கள்.

பூட்ஸ் காலளவுக்கே வாங்குங்கள். பெரிசாக இருந்தால் உரசி, அதுவே புண்ணாகிவிடும். இவர் தோட்டத்தில் இப்போது ஒழுங்காகப் போடுகிறார். மழை விட்டதும் பின்கட்டில் முருங்கைக்கீரை பறிக்கத்தான் இன்னும் வெறுங்காலோடு இறங்குகிறார். பூட்ஸைக் கதவுப் படியிலேயே வைத்திருக்கிறேன்.