முதல் பிரிண்ட் அடிக்கப் போகிறீர்களா? முப்பதோடு நிறுத்துங்கள்

2019 கோடையில் சென்னையே தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் தெரு முனையில் விடியற்காலையிலேயே நீலம், சிவப்பு, கிளிப்பச்சை என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும், குடத்துக்குச் சொந்தக்காரர்கள் எங்காவது நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வரிசையை வரைந்தேன். பகலெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்கு மாப்பிள்ளை பெண் கார்ட்டூன், பதிப்பகத்துக்கு அட்டைப்படம் என்று அடுத்தவர் சொன்னதை வரைந்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கே எனக்கென்று வரைந்த படம் அது. இன்ஸ்டாகிராமில் போட்டதும் நாலைந்து பேர் "பிரிண்டா கிடைக்குமா?" என்று கேட்டார்கள். கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். எங்கே அடிப்பது, எந்தப் பேப்பரில் அடிப்பது, எதுவுமே அப்போது தெரியாது. அப்படித் தட்டுத் தடுமாறிக் கற்றதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

1. படத்தைத் தேர்ந்தெடுப்பது

மூன்று படம் போதும். நீங்கள் மெனக்கெட்டு வரைந்த படம்தான் விற்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு மாதம் உட்கார்ந்து கோபுரம் ஒன்றை ஒவ்வொரு பொம்மையாக வரைந்தேன், ஒருவரும் சீண்டவில்லை. இரண்டு ராத்திரியில் முடிந்த குடம்தான் போனது. "எங்க வீட்லயும் இதே பச்சைக் குடம்" என்று யாராவது சொல்கிற படமாகப் பாருங்கள்.

காசு வாங்கிக்கொண்டு அடுத்தவருக்கு வரைந்த படத்தைப் பிரிண்ட் போடுவதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆவது பிரிவு, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து வரைய வைத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரையே முதல் உரிமையாளர் என்கிறது. வரைந்த கை நம்முடையது என்பதால் உரிமையும் நம்முடையது என்று பல பேர் நம்பிக்கொண்டிருக்கிறோம். அடுத்த வேலையிலிருந்தாவது "பிரிண்ட் விற்கும் உரிமை எனக்கு" என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் படம் வாங்கிச் சுவரில் மாட்ட மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோவில்பட்டியில் உட்கார்ந்து கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் காலண்டராக அச்சாகி எத்தனை வீட்டுச் சுவரில் ஆணியடித்துத் தொங்கின!

2. பைல் தயார் செய்வது

பிரிண்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், இதைத்தான் 300 டிபிஐ என்பார்கள். ஏ4 என்றால் 2480 × 3508 பிக்சல், ஏ3 என்றால் 3508 × 4961. வரையத் தொடங்கும்போதே ஏ3 அளவில் கேன்வாஸைத் திறந்துவிடுங்கள். பெரியதைச் சிறியதாக்கலாம், சின்னதை இழுத்துப் பெரிதாக்கினால் கோடெல்லாம் மங்கிவிடும். ஐபேடில் வரையும் புரோகிரியேட் ஆப்பில் கேன்வாஸ் பெரிதாக ஆக லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் அடுக்கு) எண்ணிக்கை குறையும், அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஐபேட் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் வரையும் கிரிட்டா மென்பொருள் இலவசம், தாராளமாகப் போதும்.

தாளில் வாட்டர்கலரில் வரைபவர் என்றால் போனில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். பிளாட்பெட் ஸ்கேனரில் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏ4 தாளை ஏ2 வரை பெரிதாக அடிக்கலாம்.

ஓரத்தில் அரை அங்குலம் வெள்ளை விட்டுவிடுங்கள். விளிம்பு வரை வண்ணம் வேண்டுமென்றால் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்து கொடுக்க வேண்டும், கட்டிங்கில் கத்தி கொஞ்சம் விலகினாலும் கோணல் தெரியும். முதல் தடவைக்கு வெள்ளை ஓரமே நல்லது, பிரேம் போடவும் வசதி.

3. பிரஸ்ஸுக்குப் போவது

இங்கேதான் நான் மாட்டினேன். திருவல்லிக்கேணியில் ஒரு டிஜிட்டல் பிரிண்டிங் கடைக்குப் பென்டிரைவோடு போனேன். கம்ப்யூட்டரில் பைலைத் திறந்த அண்ணன் படத்தைப் பார்க்கவே இல்லை, மூலையில் இருந்த எழுத்தைத்தான் பார்த்தார்.

"ஏம்மா, ஆர்ஜிபில இருக்கு. பச்சை டல்லடிக்கும், பரவாயில்லையா?"

"கொஞ்சம்தானே அண்ணா?"

அவர் பதில் சொல்லாமல் ஒரு தாளை அடித்துக் கையில் கொடுத்தார். தாள் சூடாக இருந்தது. திரையில் பளபளத்த கிளிப்பச்சைக் குடம், தொட்டியில் பாசி பிடித்த மாதிரி வந்திருந்தது. நீலமும் சிவப்பும் ஓரளவு தப்பித்திருந்தன.

காரணம் இதுதான். திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளியை உமிழ்ந்து நிறம் காட்டுகிறது, அதுதான் ஆர்ஜிபி. தாளில் உள்ள மையோ மேலே விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையைக் கலந்து பளீர் பச்சையையும் மின்னும் ரோஜா நிறத்தையும் கொண்டுவர முடியாது. அதனால் வரையும்போதே போட்டோஷாப்பிலோ கிரிட்டாவிலோ, தாளில் நிறம் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃப் போட்டுப் பார்த்து, அடங்கிப்போகும் நிறத்தை நீங்களே மாற்றிவிடுங்கள், மெஷின் கையில் விடாதீர்கள். நான் பச்சையில் மஞ்சளைக் கூட்டி, பக்கத்துக் குடங்களின் நிறத்தைக் கொஞ்சம் இறக்கினேன். பக்கத்தில் மங்கலாக இருந்தால் பச்சை தானாகத் தூக்கித் தெரியும். திரை வெளிச்சத்தையும் பாதிக்குக் குறைத்து வைத்துப் பாருங்கள், பிரிண்ட் இருட்டாக வருவதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம்.

ஒரே ஒரு டெஸ்ட் பிரிண்ட் எடுத்து, கடை டியூப்லைட்டில் பார்த்துத் தலையாட்டாமல், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பின்னால் நாலு பேர் நிற்பார்கள், அவசரப்படுத்துவார்கள். நிற்கட்டும்.

பேப்பர்: 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம் எடை) ஆர்ட் போர்டு, மேட். பளபள லேமினேஷன் வேண்டாம், சுவரில் மாட்டினால் படத்துக்குப் பதில் எதிரே இருக்கும் டியூப்லைட்தான் தெரியும். காட்டன் பேப்பரில் பிக்மென்ட் மையால் அடிக்கும் உயர்தரப் பிரிண்ட் பல வருஷம் நிறம் மங்காது, ஆனால் விலை பல மடங்கு. அது பிறகு.

4. எத்தனை அடிப்பது

12 × 18 அங்குலத் தாளில் இரண்டு ஏ4 உட்காரும். படத்துக்குப் பத்து வீதம் மூன்று படம், மொத்தம் முப்பது பிரதி, பதினைந்து தாள். அவ்வளவுதான். "இருநூறு போட்டா ரேட் பாதியாகும்" என்று கடையில் சொல்வார்கள், உண்மைதான். நானும் அதைக் கேட்டுக் குடத்தை மட்டும் இருநூறு அடித்தேன். நாற்பது போனது. மிச்சத்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன், ஐப்பசி மழை வந்து ஈரக்காற்றில் எல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. இப்போது பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மேலே கனமான அகராதி ஒன்றை ஏற்றி வைத்திருக்கிறேன். அகராதிக்கு அது ஒன்றுதான் இப்போது வேலை.

5. விலை வைப்பது

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. பிரிண்ட் 35 ரூபாய், கண்ணாடிக் கவர் 3, பின் அட்டை 7, உறை 10. ஆக 55. கீறல் விழுந்தது, மூலை மடங்கியது என்று பத்தில் ஒன்று வீணாகும் என்று வைத்து 60 என்று கொள்ளுங்கள். 150க்கு விற்றால் 90 லாபம் என்று தோன்றும். ஆனால் ஒரு கஃபேயிலோ புத்தகக் கடையிலோ வைத்தால் அவர்கள் 40 சதவீதம் கேட்கலாம், 60 ரூபாய் அங்கே போய்விடும், உங்களுக்கு நிற்பது 30. அதனால் கடைக் கமிஷன் போனாலும் தாங்குகிற விலையை முதல் நாளே வையுங்கள். 300 என்றால் கமிஷனும் செலவும் போக 120 நிற்கும். தபால் செலவு தனி. தெரிந்தவர்கள் "நமக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். அதே 300தான்.

6. விற்பது

வெறும் பைலை மட்டும் இன்ஸ்டாகிராமில் போடாமல், பிரிண்டைக் கையில் பிடித்தோ டபரா டம்ளர் பக்கத்தில் வைத்தோ போட்டோ எடுத்துப் போடுங்கள், அளவு புரியும். வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு கேட்டலாக், பணத்துக்கு யுபிஐ, ஆரம்பத்துக்கு வெப்சைட் தேவையில்லை. ஸ்டால் போட ஆசை இருந்தால் இன்னொரு ஓவியரோடு மேஜையைப் பகிர்ந்துகொள்ளுங்கள், வாடகையும் பாதி, சாப்பிடப் போகவும் ஆள் இருக்கும். 2024இல் சென்னைக்கு முதல்முறையாக வந்த காமிக்ஸ் ரசிகர் விழாவான காமிக் கானில் ஓவியர்களுக்கென்றே தனி மேஜைகள் இருந்தன, கல்லூரி விழாக்களிலும் இப்போது இடம் தருகிறார்கள். 50 ரூபாய்க்குப் போஸ்ட்கார்டு கொஞ்சம் வைத்திருங்கள், ஏ4 வாங்கத் தயங்குபவர் அதையாவது எடுப்பார்.

சரி, ஜிஎஸ்டி. பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். நம்மைப் போல வரைந்து கொடுக்கும் சேவையும் செய்தால் வரம்பு 20 லட்சம். ஆனால் பெங்களூருக்கு ஒரு பிரிண்ட் அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டும் சரக்கு, அதற்கு இந்த வரம்பு செல்லாது, பதிவு செய்யச் சொல்கிறது சட்டம். கைவினைப் பொருளுக்குச் சலுகை உண்டு, மெஷினில் அடித்தது அதில் சேராது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். வெளிமாநில ஆர்டர் வாங்கும் முன் ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

7. அனுப்புவது

ஏ4 பிரிண்டை உருட்டாமல் தட்டையாகவே அனுப்பலாம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் அட்டை, உறை எல்லாம் மொத்த விலைக்குக் கிடைக்கும். பிரிண்டைக் கவரில் போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டி உறையில் போடுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் டிராக்கிங் எண் கிடைக்கும், அதை உடனே வாங்கியவருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுங்கள், "வந்துச்சா?" என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். உறை மேல் "மடிக்காதீர்கள்" என்று பெரிதாக எழுதுங்கள். எழுதினாலும் பூட்டிய கேட் இடுக்கில் வளைத்துச் சொருகிவிட்டுப் போவது உண்டு, அதனால் கட்டுவதற்கு முன் அட்டையை உங்கள் கையாலேயே வளைத்துப் பாருங்கள், சுலபமாக வளைந்தால் இன்னொன்று சேருங்கள்.