ஹேட்ச்பேக்கை ரேஸ் காராக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேஸ் கார் கட்டுவதற்காகப் பழைய ஸ்விஃப்டோ ஆல்டோவோ தேடுகிறவர்கள் முதலில் வழுக்குவது விலையில்தான். "எப்படியும் உள்ளே எல்லாத்தையும் பிரிக்கத்தானே போறோம், வண்டி எப்படி இருந்தா என்ன?" என்று மலிவாகக் கிடைத்ததை ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வடசென்னையில் இது பெரிய வம்பு. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர்ப் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். காசிமேட்டிலும் எண்ணூரிலும் வருஷக்கணக்கில் கடலோரம் நின்றதை உப்புக்காற்று தின்றிருக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே தகடு அப்பளமாக நொறுங்கும்.

முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் மறைந்திருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரிந்தால் வண்டி தண்ணீர் குடித்திருக்கிறது. துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவுக்குக் கீழே நீளவாக்கில் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி பூசி மறைத்தது. கார்பெட்டைத் தூக்கி, ஜாக்கி வைக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்ப்பதற்கு விற்பவர் முகம் சுளித்தால் கிளம்பிவிடலாம். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூடுதான் ரோல் கேஜ். அதன் கால்கள் அந்தத் தளத்தில்தான் நிற்கப்போகின்றன. தளம் செல்லரித்திருந்தால், வண்டி கவிழும்போது கேஜ் தகட்டைக் கிழித்துக்கொண்டு இறங்கும்.

அந்தக் கேஜ் விஷயத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. நம்ம பக்கம் வெல்டிங்குக்கு ஆள் பஞ்சமில்லை. படகுக்கும் லாரி பாடிக்கும் பற்றவைத்துப் பழகிய கைகள். குறை கையில் இல்லை, பைப்பில். கேட்டுக்கும் மாடிப்படிக்கும் போடுகிற பைப்பை வளைத்துவிட்டு அதற்குக் கேஜ் என்று பெயர் வைக்கிறார்கள். ஓட்டுநருக்குப் பின்னால் வரும் முக்கிய வளைவுக்கு உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி கேட்பது தையல் இல்லாத ஸ்டீல் குழாய்: 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம். இன்னொன்று, கேஜ் போட்ட வண்டியை ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் ஓட்டுவது. சின்ன இடியிலேயே தலை போய் மோதுவது இரும்பில்.

எந்த ரேஸ், அதில் எந்த கிளாஸ் (வண்டிப் பிரிவு) என்று முடிவு செய்து அதன் விதிப்புத்தகத்தைப் படித்த பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். அனுமதி இல்லாத ஒரு பாகம் போதும், வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள்.

அடுத்தது சைலன்சர். எல்லாரும் காசைக் கொட்டுவது அங்கேதான். சத்தம் ஏறினால் வேகம் ஏறிவிட்டதாக ஒரு நினைப்பு. எனக்குக் கேட்டால், முதல் ஆயிரம் ரூபாயைப் பிரேக் ஆயிலில் போடுங்கள் என்பேன். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தின்ன வேண்டிய சக்தி நான்கு மடங்கு. டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பின் அந்த அளவு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு அது 230, 155. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரில் ஈரத்துக்கு என்ன குறை? நாலைந்து லேப் அழுத்தி ஓட்டியதும் ஆயில் கொதித்து ஆவியாகிறது, ஆவி அமுங்குகிறது, பெடல் தரை வரை போகிறது, வண்டி நிற்பதில்லை. ரேஸுக்கு முன்னால் புது ஆயில் ஊற்றி ஏர் எடுத்துவிடுங்கள். பிரேக் பேடும் ரேஸுக்கானதாக இருக்கட்டும்.

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்குவது இன்னொரு வியாதி. பார்க்கக் கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் சாதாரண ஹேட்ச்பேக்கின் முன்பக்க அமைப்பில் அளவுக்கு மீறி இறக்கினால், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் சக்கரப் பக்க முனை மேல்நோக்கி நிமிர்ந்துவிடும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இறக்கிய வண்டி வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாய முயல்வது இதனால்தான். அதோடு ஷாக் சீக்கிரமே ரப்பர் ஸ்டாப்பில் போய் இடிக்க, அந்தக் கணத்தில் டயர் பிடியை விடும். கொஞ்சம் இறக்கி, அந்த உயரத்துக்குப் பொருந்தும் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியாகப் போடுங்கள்.

டயரைப் பற்றி நம்ம ஏரியாக்காரர்களுக்குச் சொல்லவே தேவையில்லை, எம்.ஆர்.எஃப். பிறந்ததே திருவொற்றியூரில். இருந்தும் நல்ல டயருக்குப் போக வேண்டிய காசு கனமான பெரிய அலாய் வீலுக்குப் போகிறது.

உள்ளே பிரிக்கும்போது பின்பக்கமே காலியாகிறது: பின் சீட், ஸ்டெப்னி, டிக்கி விரிப்பு. முன்வீல் டிரைவ் வண்டியில் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. இன்னும் குறைந்தால், பிரேக் அடித்தபடி வளைவில் நுழையும்போது பின்பக்கம் வீசும். எடையைக் குறைத்த பின் முன்-பின் பிரேக் விகிதத்தையும் சரிபார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் வேர், சனிக்கிழமை ரேஸ், திங்கட்கிழமை ஆபீஸ் என்று ஒரே வண்டியில் இரண்டையும் பார்க்கும் ஆசை. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ரேஸில் நடக்கும் சேதத்துக்குச் சாதாரண இன்சூரன்ஸ் பைசா தராது. "டெஸ்ட் பண்றோம்" என்று ராத்திரியில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் மிதிப்பதைப் பற்றி என்ன சொல்ல, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ரோடு அது.

ஒரு காலத்தில் செங்குன்றம் தாண்டினால் சோழவரம் ஓடுதளத்திலேயே ரேஸ் நடந்தது. இப்போது ரேஸ் டிராக் இருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்குப் போக வேண்டும். ஆகவே பட்ஜெட் எழுதும்போதே ரிக்கவரி வண்டி வாடகையைப் போகவும் வரவும் சேர்த்து எழுதிவிடுங்கள். கிளட்ச் எரிந்த வண்டி தானாகத் தண்டையார்பேட்டைக்குத் திரும்பி வராது.