மொட்டை மாடியில் படியும் தூசைக் கிராமில் கணக்கிடுவது எப்படி

எண்ணூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது தெரியும்: காலையில் பெருக்கிய மாடியில் மாலையில் வெறுங்காலுடன் நடந்தால் உள்ளங்காலில் சாம்பல் ஒட்டும். அது மாதத்துக்கு எத்தனை கிராம் என்பதை, காற்றில் உள்ள பி.எம். 10 துகளின் (10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவான விட்டமுள்ள துகள்) அளவைக் கொண்டு ஓரளவு மதிப்பிடலாம்.

முதலில், காற்றுத் தரக் குறியீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தியக் குறியீட்டில் பி.எம். 10-க்கு 200 என்றால், கன மீட்டர் காற்றில் 250 மைக்ரோகிராம் (ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று பொருள். நமக்கு வேண்டியது மைக்ரோகிராம் கணக்குதான்.

நம் நாட்டின் 24 மணி நேர வரம்பான 100 மைக்ரோகிராமையே எடுத்துக்கொள்வோம். துகள் படியும் வேகத்தை வினாடிக்கு 0.5 சென்டிமீட்டர் என வைத்து, மறவாமல் 0.005 மீட்டராக மாற்றிப் பெருக்கினால், சதுர மீட்டருக்கு வினாடிக்கு 0.5 மைக்ரோகிராம் வரும். கன மீட்டரில் ஒரு மீட்டர் அடிபட்டுச் சதுர மீட்டர் மிஞ்சினால்தான் கணக்கு சரி. அதை 86,400 வினாடிகளால் பெருக்கினால் நாளொன்றுக்கு 43.2 மில்லிகிராம்; 30 நாளில் சுமார் 1.3 கிராம். பத்துக்குப் பத்தடி மாடி 9.29 சதுர மீட்டர் என்பதால், அதில் மாதம் 12 கிராம் படியும்.

ஆனால் இது பி.எம். 10-இன் பங்கு மட்டுமே. விழும் வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், தண்ணீரின் அடர்த்தியுள்ள 10 மைக்ரான் துகள் வினாடிக்கு 0.3 சென்டிமீட்டர் இறங்கும்போது, அதே அடர்த்தியுள்ள 50 மைக்ரான் துகள் ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர் இறங்கிவிடுகிறது. காலில் நெறுநெறுக்கும் சாம்பலும் சாலைத் தூசும் பெரும்பாலும் இந்தப் பெரிய துகள்கள்தான், அவை பி.எம். 10 கணக்கில் வருவதே இல்லை.

ஆகவே எடை போட்டும் பார்த்துவிட வேண்டும். 30-க்கு 40 சென்டிமீட்டர் எவர்சில்வர் தட்டை, தரைத் தூசு எட்டாத உயரத்தில், மரமும் சுவரும் மறைக்காத இடத்தில், மழையில்லாத மாதத்தில் வையுங்கள். 30 நாள் கழித்து மெல்லிய தூரிகையால் தூசைக் காகிதத்தில் கூட்டி எடை போடுங்கள். மேற்சொன்ன கணக்குப்படி அது 0.16 கிராம்தான் இருக்கும் என்பதால் சமையலறைத் தராசு காட்டாது, 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு தேவை. ஜெர்மனியின் காற்றுத் தூய்மை விதி, படியும் தூசுக்கு நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 0.35 கிராம் என ஆண்டுச் சராசரி வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் தட்டின் பரப்புக்கும் 30 நாளுக்கும் அது 1.26 கிராம் ஆகும்.